நன்றி வேறு, வரிசை வேறு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பாரில் தமிழாசிரியர் சிலர் கூடியிருந்தோம். பாடத்திட்டத்தைப் பற்றித் தொடங்கிய பேச்சு, வழக்கம்போல் இலக்கியத்தில் வந்து நின்றது. 1971 முதல் 1980 வரையுள்ள பத்தாண்டில், கடல் கடந்து இப்பக்கம் வந்த தமிழர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு வெளிவந்த நாவல்களுள் முதலிடம் பெறத்தக்கது எது என்று ஒருவர் கேட்டார். பெரும்பாலோர் தயக்கமின்றி அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ என்றனர். இளைஞர் ஒருவர் எம். குமாரனின் ‘செம்மண்ணும் நீல மலர்களும்’ என்றார். நான் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ என்றேன்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மூத்த ஆசிரியர் ஒருவர், “அது மேடான் நாவல் அல்லவா, ஐயா? அதில் தோட்டம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. நான் செம்மையாக விடை கூறுவதற்குள் தேநீரும் வடையும் வந்துவிட்டன, கூட்டமும் கலைந்தது. அன்று சொல்லாமல் விட்டதை ஈண்டு எழுதுகிறேன்.

நூல்களை வரிசைப்படுத்துவது நமக்குப் புதிதன்று. தமிழகத்தில் க.நா. சுப்ரமண்யம் 1950களிலேயே படிக்கத்தக்க நாவல்கள் இவை இவை என்று பட்டியல் போட்டார். ‘பட்டியல் விமரிசகர்’ என்று ஏச்சும் வாங்கிக்கொண்டார். இந்நாட்டில் அதற்குச் சற்று முன்னரே, 1950ஆம் ஆண்டை ஒட்டி, ‘தமிழ் நேசன்’ ஏட்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். எழுதப் பழகுவோர் அனுப்பிய கதைகளைத் திருத்தி, எழுதியவர்களைத் தரம் பிரித்தனர். எழுத்தாளரை மாணவராக்கித் தேர்வு வைத்தது இன்று நகைப்பாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வகுப்பினால் எழுத வந்தவர் பலர். பின்னர் அதே ஏட்டின் ஆசிரியப் பொறுப்பில் 1957 வரை இருந்த கு. அழகிரிசாமி வேறு வழியை மேற்கொண்டார். எழுத்தாளரைக் கூட்டி, இலக்கியத்தை உரையாடலாக நடத்தினார். மதிப்பெண்ணுக்கு விளக்கம் தேவையில்லை. உரையாடலில் காரணம் சொல்லியாக வேண்டும். ஆசிரியத் தொழில் புரிவோர்க்கு மதிப்பெண்ணின் மீது இயல்பாகவே ஒரு பற்று உண்டு. எனக்கும் உண்டு. ஆகவேதான் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று கருதுகிறேன்.

முதலில் ‘பால்மரக் காட்டினிலே’. அகிலன் மலேசியாவுக்கு வந்து, தோட்டங்களைப் பார்த்துச் சென்றபின் இதனை எழுதினார், 1977இல் நூலாயிற்று. அதற்குச் சற்று முன்னர்தான் ‘சித்திரப் பாவை’க்காக 1975ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு அவருக்குக் கிடைத்திருந்தது. தமிழுக்குக் கிடைத்த முதல் ஞானபீடம் அது. அத்தகைய ஒருவர் நம் லயத்து வாழ்வை எழுத முன்வந்தது அந்நாளில் சிறிய செய்தியன்று. 1969இல் வந்த சட்டத்தினால், குடியுரிமை இல்லாதவர் வேலை அனுமதிச் சீட்டின்றி வேலை செய்ய இயலாமற் போய், பல்லாயிரவர் மூட்டை கட்டித் தமிழகத்துக்குக் கப்பலேறினர். பிறந்த மண் எது, புகுந்த மண் எது என்று அண்ணன் ஒரு கரையிலும் தம்பி ஒரு கரையிலும் நின்ற காலம் அது. அந்நேரத்தில், “உங்களை நாங்கள் மறக்கவில்லை” என்று சொல்வதுபோல் வந்த நூலை நம் மக்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டனர். நானும் அணைத்துக்கொண்டவனே. வகுப்பில் பல ஆண்டுகள் அதனையே முதலாகச் சொல்லி வந்தேன்.

இப்போது மீண்டும் படிக்கையில் வேறு ஒன்று தோன்றுகிறது. நாம் அந்நூலுக்குக் கொடுத்த முதலிடம் நன்றியினால் கொடுத்தது. நன்றி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நன்றிக்கு உரிய இடம் வேறு, இலக்கிய வரிசை வேறு. விருந்தினர் மனமுவந்து நம் வீட்டைப் புகழ்ந்தால் மகிழ்கிறோம். அதற்காக வீட்டின் கணக்கை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை.

என் தாயார் காப்பாருக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் பால் வெட்டியவர். அவரும் வேலைத்தலத்தை ‘வேலைக்காடு’ என்றுதான் சொல்வார். தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அச்சொல்லில் அவருக்குப் பொருள் முழுதும் ‘வேலை’யில் இருந்தது. காடு என்ற நினைவு அவருக்கு இல்லை. நிரை என்ற நினைவுதான் இருந்தது. எந்த நிரையில் எத்தனை மரம், எந்த மரத்தின் பட்டை மெலிந்துவிட்டது, எந்த மரத்தடியில் முள், எங்கே மங்கு உடைந்திருக்கிறது என்பன அவர் அறிந்தவை. விடியற்காலைப் பெரட்டில் நிற்கும்போது வானத்தைப் பார்ப்பார்; அழகுக்காக அன்று. பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை. வெட்டியபின் மழை பிடித்தால் மங்கிலுள்ள பால் தண்ணீரோடு போகும், அன்றைய கூலியும் அதனோடு போகும். சாலையிலிருந்து பார்ப்பவருக்கு அது பால்மரக் காடாகத்தான் தோன்றும். அகிலன் அன்புடன் பார்த்தார். ஆனால் சாலையிலிருந்து பார்த்தார். அவருடைய மாந்தர், அவருடைய பிற நாவல்களிற்போலவே, இலட்சியத்தால் இயங்குகின்றனர். நல்லவர் இன்னார், தீயவர் இன்னார் என்று நமக்கு விரைவில் விளங்கிவிடுகிறது. துன்பம் உண்மையானது. அத்துன்பத்தில் நமக்குத் தெரியாத செய்தி ஒன்றும் இல்லை.

இரக்கத்தினால் கற்பனை செய்ய இயலாத செய்தி என்று நான் எதைக் கருதுகிறேன் என்பதற்குக் கிள்ளான் வரலாற்றிலிருந்தே ஒன்று சொல்லலாம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ‘தமிழ் நேசன்’ ஏட்டில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அதில் முன்னின்றார். மே மாதம் அவர் கைது செய்யப்பட்டதும் போராட்டம் பரவிற்று; பட்டாளம் வந்தது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்; நாதன் நாடு கடத்தப்பட்டார். இவை வரலாற்று நூல்களில் உள்ளவை. தொழிலாளர் வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு உண்டு, கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது உண்டு, பிள்ளைகளுக்குக் கல்வி உண்டு. இவற்றோடு ஒன்று: துரைக்கும் தோட்டத்து உத்தியோகஸ்தர்களுக்கும் எதிரில் மிதிவண்டியை விட்டு இறங்காமல் ஓட்டிச்செல்ல உரிமை வேண்டும். தோட்டத்து வாழ்வைப் பற்றி நூறு பக்கம் உருக்கமாக எழுதுபவர்க்கும் இது தோன்றாது. கிராணி எதிரே வரும்போது இறங்கி நின்ற கால்களுக்குத்தான் இது தெரியும். நாவலாசிரியனிடம் நான் எதிர்பார்ப்பது இத்தகைய அறிவை.

அப்படியாயின் தோட்டத்தில் பிறந்தவரோ இந்நாட்டில் வாழ்ந்தவரோ எழுதியதே சிறந்ததாக இருக்க வேண்டும் அல்லவா என்று கேட்கலாம். இளைஞர் ஒருவர் எம். குமாரனைச் சொன்னது இக்கருத்தினால்தான். ‘சீனக்கிழவன்’ என்னும் சிறுகதையால் பலரும் அறிந்த குமாரன், 1971இல் வந்த தம் நாவலால் இந்நாட்டு நாவலுக்கு ஒரு திருப்பம் தந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த நண்பர் நூலின் சிறப்பைச் சொல்லியிருந்தால் நான் இணங்கியும் இருப்பேன். “நம்மவர் எழுதியது” என்று மட்டும் சொன்னார். இது போதாது. காப்பாரிலிருந்து வடக்கே அதே சாலையில் சென்றால் கோலசிலாங்கூர் வருகிறது. அப்பகுதியில், ரந்தாவ் பாஞ்சாங் என்னுமிடத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டம் போட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் ‘மலேசி’ என்று ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றார். பல ஆண்டுகள் இம்மண்ணிலேயே வாழ்ந்தவர். தமிழரை நாள்தோறும் கண்டவர். அந்நாவலில் தமிழர் வருகின்றனர், பங்களாத் தாழ்வாரத்திலிருந்து தெரிகின்ற அளவில். ஆகவே இருந்த காலத்தை வைத்தும், பிறந்த ஊரை வைத்தும் நாவலை அளக்க முடியாது. எங்கே நின்று பார்த்தார், எதைக் கண்டு ஒளிக்காமல் சொன்னார் என்பதையே பார்க்க வேண்டும்.

இனிச் சிங்காரத்துக்கு வருவோம். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். பதினெட்டாம் வயதில் சுமத்ராவின் மேடான் நகருக்குப் பிழைக்கப் போனவர். போரையும் ஜப்பானியர் ஆட்சியையும் அங்கே கண்டவர். 1946இல் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’யில் பணியாற்றி, 1997இன் இறுதியில் அவ்வூரிலேயே மறைந்தார். எழுதியவை இரண்டே நாவல்கள். முதலாவதான ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் பரிசு பெற்று 1959இல் வெளிவந்தது. இரண்டாவதான ‘புயலிலே ஒரு தோணி’ எழுதி ஏறக்குறையப் பத்தாண்டு கிடந்தபின் 1972இல்தான் அச்சேறிற்று.

நாவல் மேடான் தெருவில், ஜப்பானியப் படையை எதிர்பார்த்து நிற்கும் கூட்டத்தில் தொடங்குகிறது. பாண்டியன் என்னும் இளைஞன் வட்டிக்கடை உலகத்தைச் சேர்ந்தவன். தொங்கானில் ஏறி மலாக்கா நீரிணையைக் கடந்து பினாங்குக்கு வருகிறான், வழியில் புயல். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்து சுமத்ராவுக்கே மீண்டு, இந்தோனேசிய விடுதலைப் போரில் கலந்து மடிகிறான். சுருக்கிச் சொன்னால் வீரசாகசக் கதை போல் இருக்கும். படிக்கும்போது அப்படி இல்லை. பாதிக்கு மேல் பேச்சு. கடைப்பையன்களும் அடுத்தாட்களும் கிட்டங்கியில் அமர்ந்து, மதுக்கடையில் அமர்ந்து, வட்டி, பெண், ஊர், தமிழ், தேசம் என்று எதையும் விடாமல் பேசுகின்றனர். பாண்டியன் வீரமும் சூதும் ஆசையும் ஒருங்கே உடையவன். அவனை ஆசிரியர் நமக்குப் பரிந்துரை செய்வதில்லை. அவனுக்காக அழச் சொல்வதுமில்லை.

மொழியைப் பற்றி ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலாய்ச் சொல், சீனச் சொல், டச்சுத் தெருப்பெயர், செட்டிநாட்டுக் கணக்குச் சொல் எல்லாம் இந்நூலில் அடிக்குறிப்பின்றி நடமாடுகின்றன. தமிழகத்து வாசகர் பலர் இதனால் தடுமாறுகின்றனர் என்று கேள்வி. காப்பாரில் ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘தவுக்கே’ என்றால் யார் என்று கேட்டுப் பாருங்கள். அகராதி தேட மாட்டான். நம் பேச்சுக்கு மிக அருகில் நிற்கும் நாவலை நாம் மேடான் நாவல் என்று ஒதுக்குகிறோம். அங்கே சிரமப்பட்டுப் படிப்பவர்கள் அதனைப் போற்றுகிறார்கள்.

“தோட்டம் எங்கே?” என்ற கேள்விக்கு இப்போது விடை கூறலாம். பால் வெட்டுவோர் இந்நாவலின் நடுவில் இல்லை, ஓரத்தில்தான் நிற்கின்றனர். நடுவில் இருப்பது பேரேடு. இப்பக்கத்துத் தமிழர் ஒரே கூட்டமாக வந்தவர்கள் அல்லர். சஞ்சிக் கூலியாகவும் பிறகு கங்காணியின் பின்னால் கூலியாகவும் வந்தவர் ஒருபுறம். லேவாதேவிக் கடைக்கு அடுத்தாளாகவும் பெட்டியடிப் பையனாகவும் வந்தவர் மறுபுறம். கிராணி வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தார் இன்னொருபுறம். ஒரே கப்பலில் வந்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் சோறு உண்ணாதவர்கள். தோட்ட நாவல்கள் நமக்குக் கீழ்வரிசையைக் காட்டின. துரையையும் கிராணியையும் எதிரில் நிறுத்தின. தோட்டத்துக்குக் கடன் கொடுத்த பெட்டி, தோட்டத்தையே வாங்கிய பெட்டி, அப்பெட்டியின் முன் குந்தியிருந்த தமிழ்ப் பையனின் மனம், அவன் தன் ஊரிலிருந்து வந்த கூலியாளைப் பார்த்த பார்வை ஆகியவை அவற்றில் இடம்பெறவில்லை. சிங்காரம் அதைத் திறந்து காட்டினார். அந்தப் பையன்களின் ஆசையும் பயமும் கணக்கும் தெரியாமல், தோட்டத்துக்காரன் ஏன் தன் இனத்தாரிடையேயும் தனியனாக நின்றான் என்பது விளங்காது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின், கடைப்பையனும் பால்வெட்டியும் ஒரே வரிசையில் நின்று அணிநடை பழகினர். அது எவ்வளவு பெரிய மாறுதல் என்பதும், அது நிலைக்காமற் போனது எவ்வளவு பெரிய இழப்பு என்பதும், அதற்கு முன்னிருந்த பிளவை அறிந்தவர்க்கே உறைக்கும்.

குறைகளும் உண்டு. பெண்கள் இந்நூலில் வந்து போகிறார்கள், நிற்பதில்லை. தோட்டத்துப் பெண்ணொருத்தி இதைப் படித்தால், “எங்கள் பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே” என்பாள். அவளுக்கு நான் மறுமொழி சொல்ல முடியாது. அவளுக்கு அகிலனே மேல் என்று தோன்றினால் அதுவும் நியாயம். பாண்டியனின் தனிமொழிகள் சில இடங்களில் அளவு மீறி நீள்கின்றன. இறுதிப் பகுதியில் இந்தோனேசியப் போர் அவசர அவசரமாக முடிகிறது.

தமிழாசிரியர்க்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. இந்நாவலின் மாந்தர் தமிழ்ப் பெருமையை எள்ளி நகையாடுகின்றனர். சங்க காலம், மூவேந்தர், கற்பு, வீரம் என்று நாம் மேடையில் பேசுவன எல்லாம் இவர்கள் வாயில் கேலிப்பொருளாகின்றன. ஆனால் கேலி செய்பவனுக்கு அப்பாடல்கள் மனப்பாடமாக இருக்கின்றன என்பதையும் காண்க. இலக்கியத்தை நெட்டுருப் போட்டுக் கடல் கடந்து வந்தவன், வட்டிக்கடைப் பெட்டியின் முன்னும் ஜப்பானியன் துப்பாக்கியின் முன்னும் நின்று, அதனால் தனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறான். பற்றில்லாதவனுக்கு இக்கேள்வி எழாது. பாடநூலில் சேர்க்கத் தயங்குவோம். மேல்வகுப்பு மாணவர்க்கு எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அப்பத்தாண்டில் தமிழகத்தில் வந்தவற்றோடு வைத்துப் பார்த்தாலும் இந்நூல் தாழவில்லை. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ 1977. பூமணியின் ‘பிறகு’ 1979. இவற்றுள் அசோகமித்திரன் நாவல் மட்டும் நம் பேச்சுக்குச் சற்று நெருங்கியது. செகந்தராபாத்தில் வளரும் தமிழ்ச் சிறுவன், தன் நாடல்லாத இடத்தில் வரலாறு புரள்வதைப் பார்க்கிறான். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், பாண்டியன் குதித்துவிடுகிறான். கலை ஒழுங்கில் அசோகமித்திரனே மேல். ஆயினும் நம் வினா கடல் கடந்தார் பற்றியது.

1980ஆம் ஆண்டு முடிந்த கையோடு யாரேனும் பத்தாண்டுப் பட்டியல் போட்டிருந்தால், அதில் ‘புயலிலே ஒரு தோணி’ இடம்பெற்றிருக்குமா என்பது ஐயமே. அப்போது அதனைப் படித்தவர் மிகச் சிலர். சாகித்திய அக்காதெமியும் இவரை ஒருபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. நிகழ்ந்தது 1940களில், எழுதியது 1960களின் தொடக்கத்தில், அச்சேறியது 1972இல், பரவலாகப் படிக்கப்பட்டது அதற்கும் இருபது ஆண்டு கழித்து. இதை எந்தப் பத்தாண்டின் நாவல் என்பது? அச்சான ஆண்டைக் கொண்டு 1970களில் வைக்கிறேன், வேறு வழியில்லை. நம் நாட்டு நாவல்களுக்கும் இதே கதிதான். சயாம் மரண ரயில் பாதை 1942–43இல் போடப்பட்டது, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வந்தது. ஜப்பானியர் காலத்து லங்காட் கரையைச் சொல்லும் அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ 2005இல் வந்தது. கண்டவர் கண் மூடுவதற்குச் சற்று முன்னர்தான் நம்மிடம் நாவல் எழுதப்படுகிறது. இவ்விரண்டையும் பற்றித் தனியே எழுத வேண்டும்.

மூத்த ஆசிரியர் என்னிடமிருந்த படியை அன்றே வாங்கிச் சென்றார். மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தந்தபோது, தமிழைக் கேலி செய்யும் பக்கங்களில் எல்லாம் பென்சில் கோடு இருந்தது. “எழுதியவனுக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது, அதுதான் ஐயா எனக்குக் கோபம்” என்றார். அகிலனுக்காக இதே பக்கத்தில் மறுப்பு எழுதப் போவதாகவும் சொல்லியிருக்கிறார். வேலைக்காட்டைப் பற்றி நான் எழுதியதில் பிழையிருந்தால் அதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டேன். அவருடைய தாயாரும் பால் வெட்டியவர்தான்.